கணினிக்கும் காய்ச்சல் வரும்

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. குறுகிய சந்துகள், தகரக் கூரைகள். அப்படி ஒரு வீட்டில் ஒரு தாயும் மகளும் இருக்கிறார்கள்.

தாய் எங்கள் மையத்தில் படிக்கிறவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார். எண்களில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. மகள் கல்லூரியில் படிக்கிறாள். பழைய கணினி ஒன்றை வாங்கி, வீட்டிலேயே தட்டச்சு வேலை செய்கிறாள். கல்லூரிக் கட்டணம் அந்தக் காசில்தான்.

மே மாதம் அந்தக் கணினி படுத்த ஆரம்பித்தது. காலையில் நன்றாக ஓடும். மதியம் மெதுவாகும். பிறகு பட்டென்று நின்றுவிடும். பழுது பார்க்கிறவர் வந்தார். "பிராசசர் போச்சு. மாத்தணும். 6,000 ரூபாய் ஆகும்" என்றார்.

தாய் கேட்டார்: "போச்சுன்னா காலையிலே எப்படி தம்பி ஓடுது?"

நல்ல கேள்வி. அவரிடம் பதில் இல்லை. நாம் பார்ப்போம்.

பிராசசர் என்பது கணினியின் மூளை. தீப்பெட்டியைவிடச் சிறிய சதுரச் சில்லு. வேலை செய்யும்போது அது சூடாகும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள அதன் மேல் அலுமினியத் தகடுகள் இருக்கும். இதற்கு ஹீட்சிங்க் என்று பெயர். அதன் மேல் ஒரு விசிறி சுற்றும். சில்லுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே ஒரு பசை உண்டு. சில்லின் சூடு தகட்டுக்குப் போக வேண்டும். தகட்டின் சூடு காற்றில் போக வேண்டும். இந்த வழியில் எங்கே அடைத்தாலும் பிராசசருக்குக் காய்ச்சல்தான்.

சூடு மிஞ்சினால் பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் ஆறாவிட்டால் கணினி நின்றுவிடும். எரிந்து போகாமல் தன்னைக் காத்துக்கொள்ள அது செய்யும் ஏற்பாடு இது. அதனால் நின்றுபோன பிராசசர் எல்லாம் செத்த பிராசசர் அல்ல.

காய்ச்சலை எப்படி அளப்பது? கணினியைப் போட்டவுடன் கீபோர்டில் டெலீட் பொத்தானை விடாமல் தட்டுங்கள். சில கணினிகளில் எஃப் 2 பொத்தான். செட்டப் திரை வரும். அதில் சி.பி.யு. டெம்பரேச்சர் என்று ஆங்கிலத்தில் இருக்கும். எதிரே எண் இருக்கும். பல கணினிகளில் இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும். 'சி' என்ற எழுத்து உள்ளதைப் படியுங்கள். அது செல்சியஸ். 'எஃப்' உள்ள எண் பெரிதாகத் தெரியும், பயப்படாதீர்கள்.

இங்கே ஒரு குழப்பம் வரும். நம் உடம்புக் காய்ச்சலை 100, 102 என்று சொல்கிறோமே, அது பாரன்ஹீட் கணக்கு. செல்சியஸில் நம் உடம்பு 37 டிகிரி. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரி. கணினி சும்மா இருக்கும்போது 35 முதல் 50 டிகிரி வரை இருந்தால் கவலை இல்லை. கடுமையான வேலையில் 80 வரை போகலாம். 90-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். பல பிராசசர்களுக்கு 95 அல்லது 100 டிகிரிதான் எல்லை. வீட்டுக்குள் 10 டிகிரி வெயில் ஏறினால் பிராசசரிலும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். மதியம் மட்டும் ஏன் நின்றது என்று இப்போது தெரிகிறதா?

மதியம் கணினி நின்றவுடன் மகள் மறுபடி போட்டு அந்தத் திரையைத் திறந்தாள். தாய் படித்தார்: 92.

எண் எவ்வளவு என்பது போலவே, எவ்வளவு நேரத்தில் ஏறியது என்பதும் முக்கியம். இதைப் பலர் பார்ப்பதில்லை. ஆறிய கணினியைப் போட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் 90-க்குப் பாய்ந்தால், சில்லின் சூடு தகட்டுக்கே போகவில்லை. பசை காய்ந்திருக்கும், அல்லது ஹீட்சிங்க் தளர்ந்திருக்கும். சில வகைகளில் அதை நான்கு பிளாஸ்டிக் முளைகள் பிடித்திருக்கும். பெட்டியைத் தூக்கி இடம் மாற்றும்போது ஒன்று கழன்றாலும் போதும். அரை மணி நேரத்தில் மெல்ல மெல்ல ஏறினால் காற்றுதான் குறை. தூசி, விசிறி, பெட்டி வைத்த இடம், இவற்றைப் பாருங்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஓட விட்டால் 5, 10 டிகிரி இறங்குகிறதா? அப்படியானால் பெட்டிக்குள் காற்றோட்டம் போதவில்லை. மூடி திறந்திருக்கும்போது உள்ளே கை வைக்கக் கூடாது. குழந்தைகளையும் அண்ட விடாதீர்கள்.

யாரும் எதையும் செய்யாமலே பிராசசர் ஓயாமல் வேலை செய்தாலும் சூடு ஏறும். வேண்டாத புரோகிராம் ஏதாவது ஓடுகிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பார்க்கலாம்.

தாராவி வீட்டில் எண் மெல்லத்தான் ஏறியது. 40 நிமிடம் ஆனது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தார்கள். பக்கத்து வீட்டில் தையல் பட்டறை. அங்கிருந்து பறந்து வந்த நூல் பிசிறும் தூசியும் சேர்ந்து, விசிறிக்கு அடியில் கம்பளி போல மூடியிருந்தது. விசிறி சுற்றியது, காற்று தகட்டைத் தொடவில்லை.

விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினார்கள். ஈரத் துணி கூடவே கூடாது. மின்சாரம் வரும் இரும்புப் பெட்டியைத் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். பசை மாற்ற வேண்டுமென்றால் தெர்மல் பேஸ்ட் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு பட்டாணி அளவு போதும். பல் விளக்கும் பேஸ்ட்டைத் தடவலாம் என்று சிலர் சொல்வார்கள். அது சீக்கிரம் காய்ந்துவிடும்.

சுவரோடு ஒட்டியிருந்த பெட்டியை ஒரு சாண் தள்ளி வைத்தார்கள். மறுநாள் மதியம் தாய் படித்த எண் 64. கணினி நிற்கவில்லை. செலவு பிரஷ்ஷுக்கு மட்டும்தான்.

வட்டத்தில் பேசுங்கள்: ஒரு வீட்டில் கணினி போட்ட ஒரு நிமிடத்தில் 95 டிகிரி. இரண்டாவது வீட்டில் அரை மணியில் 91. மூன்றாவது வீட்டில் 48 டிகிரியிலேயே நின்றுபோகிறது. எந்த வீட்டில் பசை? எந்த வீட்டில் தூசி? எந்த வீட்டில் சூடே காரணம் இல்லை?