யார் சாம்பியன் ஆவார்?

கேள்வி: எங்கள் ஊரில் குத்துச்சண்டை பழகும் பிள்ளைகளில் யார் பெரிய ஆளாக வருவார் என்று எப்படிக் கண்டுகொள்வது?
– ஒரு வாசகர், ஆண்டர்சன்பேட்டை, கோலார் தங்க வயல்

பதில்: எதிராளியை ஒரே குத்தில் சாய்க்கும் பையன்மீதுதான் எல்லோர் கண்ணும் போகும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பதினான்கு வயதில் சீக்கிரம் வளர்ந்தவன் வெறும் உடல்பலத்தாலேயே ஜெயிப்பான். இரண்டு வருடத்தில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள். முதலில் கால்களைப் பாருங்கள். குத்திய கையோடு விலகி, சமநிலை குலையாமல் நிற்கிறானா? மூக்கில் ஒன்று வாங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு பாய்கிறானா, இல்லை நிதானமாக இடக்கையை நீட்டி எதிராளியைத் தள்ளி நிறுத்துகிறானா? மூச்சு வாங்கும் மூன்றாவது சுற்றிலும் தாடையைக் காக்கும் கை இறங்காதவனைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தோற்ற மறுநாள் பயிற்சிக்கு வருகிறானா என்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். நிஜாமாபாத்தின் குத்துச்சண்டை வீராங்கனை நிகத் ஜரீன் 2011இல் ஜூனியர் உலகப் பட்டம் வென்றார். 2017இல் தோள்பட்டைக் காயம். சீனியர் உலகப் பட்டம் 2022இல்தான் கிடைத்தது. பதினோரு ஆண்டுகள்! 2001இல் தங்கச் சுரங்கம் மூடியபின் பிழைப்புக்கு பெங்களூருக்கு ரயிலேறும் உங்கள் ஊர்க் குடும்பங்களுக்கு அத்தனை காலம் காத்திருப்பது எளிதல்ல. திறமையுள்ள பிள்ளைக்குச் சத்தான சாப்பாடும் பயணச் செலவும் கிடைக்க ஊரார் கைகொடுங்கள்.