அமிலம் தோய்ந்த பேடுகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கிளைகாலிக், லாக்டிக் முதலான அமிலங்கள் சரும வியாதிகளுக்கு உபகாரமாகும் என்பதை, மீன்செதில்போல் தோல் தடித்து உரியும் இக்தியோசிஸ் நோயாளிகளிடத்தில் வான் ஸ்காட், யூ என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 1974-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்கள். அன்று வைத்தியர் கையிலிருந்த அந்த அமிலங்கள், இன்று டப்பாவில் அடுக்கிய எக்ஸ்ஃபோலியேட்டிங் பேடுகளில் தோய்ந்து வீட்டுக் கண்ணாடியின் முன் வந்து சேர்ந்திருக்கின்றன. வைத்தியருக்குரிய நிதானமோ அவற்றுடன் கூடவே வந்து சேரவில்லை.

நம்பிக்கை: பேட் முகத்து அழுக்கை எடுக்கிறது.

உண்மை: அழுக்கைப் போக்கத் தண்ணீரும் மிருதுவான சோப்பும் போதும். அமிலம் செய்யும் காரியம் வேறு. சருமத்தின் மேற்புறத்தில் இறந்த அணுக்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் கட்டுகளை அது தளர்த்துகிறது. மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கே கனமுள்ள அந்தப் படலந்தான் உள்ளிருக்கும் ஈரத்தைக் காத்து, வெளியிலுள்ள கிருமிகளைத் தடுக்கிறது என்பதால், அதை முற்றிலும் களைய வேண்டிய குப்பையாகக் கருதுவது பெரும் பிழை.

நம்பிக்கை: எரிந்தால்தான் பலன்.

உண்மை: கணநேரம் தோன்றி மறையும் குறுகுறுப்பு சகஜம். நீடிக்கும் எரிச்சல் சருமம் புண்படுவதன் அறிகுறி; அப்போது உடனே தண்ணீரால் கழுவிவிட வேண்டும். மாநிறமும் கருநிறமும் கொண்ட நம்மவர் சருமத்திலோ, அந்தப் புண் ஆறிய பின்னும் கருந்தழும்பு பல மாதங்கள் தங்கிவிடக்கூடும்.

நம்பிக்கை: தினந்தோறும் துடைத்தால் சீக்கிரம் பொலிவு வரும்.

உண்மை: மேற்தோல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளச் சுமார் நான்கு வாரம் பிடிக்கிறது, நம் அவசரத்துக்காக அது விரைவதில்லை. வாரத்தில் ஓரிரு இரவுகள் தொடங்கி, அழுத்தித் தேய்க்காமல், கண்ணோரத்தையும் உதட்டையும் விலக்கி உபயோகிப்பதே முறை. ரெட்டினாய்டு என்னும் வைட்டமின்-ஏ வகை மருந்தைப் பூசும் இரவில் பேட் வேண்டாம்.

நம்பிக்கை: ரசாயனத்தைவிட எலுமிச்சஞ்சாறு சாது.

உண்மை: கிளைகாலிக் முதலான அமிலங்கள் பத்து சதவீதத்துக்கு மிகாமலும், பி.எச். அளவு 3.5-க்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும் என்று அமெரிக்க அழகுப்பொருள் நிபுணர் குழு வீட்டு உபயோகத்துக்கு வரம்பு வகுத்திருக்கிறது. எலுமிச்சஞ்சாற்றின் பி.எச். ஏறக்குறைய 2, அந்த அளவுகோலில் ஓர் எண் குறைந்தாலே அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறிவிடும். போதாக்குறைக்கு, அந்தச் சாறு பட்ட தோல் வெயிலில் கொப்பளிப்பதும் உண்டு.

நம்பிக்கை: இரவில் துடைப்பதால் பகல் வெயிலைப் பற்றிக் கவலையில்லை.

உண்மை: கிளைகாலிக் அமிலம் பட்ட சருமத்தைச் சூரிய கிரணங்கள் எளிதில் தாக்கும்; பிரயோகத்தை நிறுத்திய பிறகும் அந்நிலை மாறச் சுமார் ஒரு வாரம் ஆகும். ஆகவே அதுவரையிலும் சன்ஸ்கிரீன் அவசியம்.

நம்பிக்கை: தொடர்ந்து உபயோகித்தால் மேனி வெளுக்கும்.

உண்மை: பரு விட்டுச்சென்ற கறை மங்கலாம், பிறவி நிறம் மாறாது, மாறவேண்டிய அவசியமும் இல்லை. சிவப்பாக வேண்டுமென்ற ஆசையால் அளவு மீறித் துடைப்பவர்களே இறுதியில் கரும்படலங்களோடு வைத்தியரைத் தேடிப்போக நேர்கிறது. நம் நிறத்தைக் குறையென்று எண்ணும் அந்த நம்பிக்கையை முதலில் கைவிட்டோமானால், இப்பேடுகளை அளவறிந்து உபயோகிக்கும் பக்குவம் தானே கைகூடும்.