ஆறடி மீன்தொட்டி: வாங்குமுன் மூன்று கணக்கு

மாணவர்களே, வீட்டு வரவேற்பறையில் ஆறடி நீள மீன்தொட்டி வைக்கும் ஆசை உங்களில் பலருக்கும் இருக்கும். கடையில் அளவைச் சொன்னால் போதும், கண்ணாடியை வெட்டி ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால், அளவைச் சொல்வதற்கு முன் மூன்று கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். எல்லாம் நீங்கள் பள்ளியில் படிப்பவைதாம்.

1. தரை தாங்குமா?

தொட்டியின் நீளம் 180 செ.மீ., அகலம் 60 செ.மீ., உயரம் 60 செ.மீ. என்று கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 648,000 கன செ.மீ.; அதாவது 648 லிட்டர். ஒரு லிட்டர் நீரின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. ஆக, நீர் மட்டுமே 648 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி சுமார் 120 கிலோ. மணல், கல், தாங்கி ஆகியவற்றுக்கு 100 கிலோ சேருங்கள். மொத்தம் 870 கிலோவை நெருங்குகிறது. ஒரு மைவி காரை வரவேற்பறையில் நிறுத்துவதற்கு ஏறக்குறைய சமம்!

இந்த எடை 1.08 சதுர மீட்டர் தரையில் இறங்குகிறது. ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7,900 நியூட்டன். வீடுகளின் மாடித் தரை பொதுவாகச் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன் சுமைக்கே வடிவமைக்கப்படுகிறது. அந்த அளவு அறை முழுவதற்கும் பொதுவானது என்பதால் தரை உடனே இடிந்துவிடாது. ஆனாலும் இந்தச் சுமை இரவும் பகலும் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் இருக்கும். எனவே, கீழ்த்தளச் சிமெண்டுத் தரையே பாதுகாப்பானது. அடுக்குமாடி வீடு என்றால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் வைக்காதீர்கள். தோட்டப்புறப் பழைய வீடுகளின் பலகைத் தரைக்கு இந்த அளவு ஆகவே ஆகாது.

2. கண்ணாடி தாங்குமா?

படிவம் 5 இயற்பியலில் வரும் சூத்திரம்: திரவ அழுத்தம் = ஆழம் × அடர்த்தி × ஈர்ப்பு முடுக்கம். தொட்டியின் அடியில் 0.6 × 1,000 × 9.81 = 5,886 பாஸ்கல். நீர்ப்பரப்பில் நீரின் அழுத்தம் சுழியம். ஆகவே சராசரி 2,943 பாஸ்கல். முன்பக்கக் கண்ணாடியின் பரப்பளவு 1.08 சதுர மீட்டர். பெருக்கினால் விசை ஏறத்தாழ 3,180 நியூட்டன். 324 கிலோ எடை அந்தக் கண்ணாடியை வெளியே தள்ளுவதற்குச் சமம்.

தொட்டியின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் விசையும் இரண்டு மடங்காகும். உயரத்தை இரட்டிப்பாக்கினால் சராசரி அழுத்தமும் இரட்டிக்கும், பரப்பளவும் இரட்டிக்கும். விசை நான்கு மடங்காகும். ஆதலால் உயரத் தொட்டிக்குத் தடித்த கண்ணாடி தேவை, செலவும் அதிகம். நீண்டு அகன்ற தொட்டியில் நீர்ப்பரப்பு பெரிது. காற்றிலிருந்து ஆக்சிஜன் கரைய வசதி. நம் வெப்பநிலையில் நீரில் கரையும் ஆக்சிஜன் குளிர்நாடுகளைவிடக் குறைவு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஒரு விடுதிக்குள் அக்குவாடோம் என்ற உருளை வடிவத் தொட்டி இருந்தது. உயரம் சுமார் 14 மீட்டர், நீர் சுமார் பத்து லட்சம் லிட்டர். 2022 டிசம்பர் 16 அதிகாலை அது வெடித்தது. ஏறத்தாழ 1,500 மீன்களில் பெரும்பாலானவை மாண்டன. இருவர் காயமடைந்தனர். பகல் நேரமாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்?

3. மீன் வாழுமா?

சில ஆண்டுகளுக்கு முன் அறிவியல் அறைக்கு ஒரு தொட்டி வாங்கினேன். காலையில் நீர் நிரப்பி, மாலையிலேயே மீன்களை விட்டேன். ஒரே வாரத்தில் பாதி செத்து மிதந்தன. தவறு என்னுடையதே.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அது நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். வேறொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றும். இதன் தீங்கு மிகக் குறைவு. இந்தப் பாக்டீரியாக்கள் வடிகட்டிப் பஞ்சிலும் கல்லிலும் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். சேரும் நைட்ரேட்டைக் குறைக்க, வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றி, குளோரின் நீக்கிய நீரை ஊற்ற வேண்டும். நம் தொட்டிக்கு அது 162 லிட்டர். 15 லிட்டர் வாளியில் பதினொரு நடை. இதைச் செய்யப்போவது யார் என்று வீட்டில் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்து, எந்த மீன்? பலரும் விரும்புவது கெலிசா எனப்படும் அரோவானா. நம் மாநிலத்திற்கு அருகே பகாங்கிலுள்ள தாசேக் பெராவில் இயற்கையாக வாழும் மீன் இது. அழியும் ஆபத்தில் இருப்பதால் அனைத்துலக வணிகம் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. பண்ணையில் வளர்த்து, மைக்ரோசிப் பொருத்திய மீனைத்தான் வாங்க வேண்டும். அது 60 செ.மீ.க்கும் மேல் வளரும். நம் தொட்டியின் அகலமோ 60 செ.மீ. தன் உடலைத் திருப்பவே இடமில்லாத வாழ்க்கை அதற்கு எதற்கு? சின்ன மீன் கூட்டமே இந்த அளவுக்கு ஏற்றது.

வளர்த்துச் சலித்த மீனை லிங்கி ஆற்றிலோ சாக்கடையிலோ விட்டுவிடாதீர்கள். தொட்டி சுத்தம் செய்யத் தென் அமெரிக்காவிலிருந்து வந்த பண்டாராயா மீன், இன்று லங்காட் போன்ற நம் ஆறுகளில் பெருகி உள்ளூர் மீன்களுக்குத் தொல்லையாகிவிட்டது. வேண்டாத மீனைக் கடைக்கோ வளர்க்க விரும்பும் நண்பருக்கோ கொடுங்கள்.

செய்து பாருங்கள்: 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரமுள்ள தொட்டியில் எத்தனை லிட்டர் நீர் பிடிக்கும்? முன்பக்கக் கண்ணாடியில் விழும் விசை எவ்வளவு? வாரம் எத்தனை வாளி நீர் மாற்ற வேண்டும்? இம்மூன்றுக்கும் விடை கண்டபின், அப்பாவிடம் தொட்டி கேளுங்கள்.