ஜீப்பில் ஆன்டெனா எங்கே வைப்பது?



மழை கொட்டி, கரண்ட் போய், செல்போன் டவரும் நின்னுபோனா என்ன செய்வீங்க? 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானில் தொலைபேசித் தொடர்பு அறுந்துபோனது. அப்போது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் ரேடியோ ஆர்வலர் பாரதி பிரசாத் அவர்கள், தன் ரேடியோ மூலமாகத்தான் செய்திகளை வெளியே அனுப்பினார். ரேடியோவுக்கு டவர் வேண்டாம். ஆனால் நல்ல ஆன்டெனா வேண்டும். அதை நான் எங்க மாமாவிடம் கற்றுக்கொண்டேன்.

மாமா தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கியவர். அவருடையது பழைய ஜீப், ரெக்சின் கூரை. பின் பம்பரில் ஆன்டெனா வைத்திருந்தார். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி ஏரிக்கரைச் சேற்றில் ஜீப் மாட்டிக்கிச்சு. செல்போனில் சிக்னல் இல்லை. ரேடியோவில் கூப்பிட்டும் பதில் இல்லை. விடியிற வரைக்கும் கரையிலேயே இருந்தார். அத்தை அன்று தூங்கவே இல்லை.

மறு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சோதித்தோம். ஜீப் காஞ்சிபுரம் பக்கம் பார்த்து நின்றால் அங்குள்ள மாமாவின் நண்பர் குரல் கேட்டது. உத்திரமேரூர் பக்கம் திருப்பி நிறுத்தினால் "கரகர"ன்னு இரைச்சல்தான். ஏன்?

ஆன்டெனாவின் நீளம்: அலைநீளம் = வேகம் ÷ அதிர்வெண். ரேடியோ அலையின் வேகம் நொடிக்கு 30 கோடி மீட்டர். 145 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் சுமார் 2.07 மீட்டர். அதில் கால் பங்கு 52 செ.மீ. கம்பியில் சுமார் 5 சதவீதம் குறைத்து 49 செ.மீ. வைக்க வேண்டும். மாமாவின் கம்பி அளவு சரிதான்!

தவறு 1, இடம்: கால் அலைக் கம்பி பாதி ஆன்டெனாதான். குளத்தில் கோபுரம் தலைகீழாகத் தெரிகிற மாதிரி, கீழே இருக்கிற இரும்புத் தகடு மீதிப் பாதியாக வேலை செய்கிறது. கம்பி ஓரத்தில் இருந்தால், தகடு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம்தான் சிக்னல் நன்றாகப் போகும். பம்பரில் வைத்ததால் ஜீப்பின் முன்பக்கம் மட்டும் நன்றாகப் போனது. இரும்புக் கூரை இருந்தால் அதன் நடுவே சிறந்த இடம். ரெக்சினில் பயன் இல்லை. அதனால் கண்ணாடிக்கு முன்னால் பானெட் ஓரத்தில் வைத்தோம்.

தவறு 2, பெயின்ட்: கிளாம்புக்கு அடியில் பெயின்ட் இருந்ததால் இரும்போடு தொடர்பே இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். பானெட் கீலில் ஆடுவதால், பின்னல் கம்பியால் பாடியோடு இணைத்தோம். துருப்பிடிக்காமல் கிரீஸ் தடவினோம்.

தவறு 3, கேபிள்: மிச்ச கேபிளைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிள் 10 மீட்டர் போனால் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு வீணாகிவிடும். தேவையான அளவு மட்டும் வைத்தோம்.

எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வைத்துப் பார்த்தோம். முன்பு 3 காட்டியது. அதாவது சக்தியில் கால் பங்கு திரும்பி வந்துவிடும். இப்போது 1.3 காட்டியது. ஒன்றுக்கு அருகில் இருந்தால் நல்லது.

கவனிக்க: லைசென்ஸ் இல்லாமல் ஹாம் ரேடியோவில் பேசக் கூடாது. பேசும்போது கம்பியைத் தொடக் கூடாது. புளியமரக் கிளையில் மாட்டாமலும் பார்க்க வேண்டும். இடி இடித்தால் ரேடியோவை நிறுத்திவிட வேண்டும்.

அன்று மாலையே அதே ஏரிக்கரைக்குப் போனோம். மாமா கூப்பிட்டார். "நல்லா கேக்குது!" என்று பதில் வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை, "இதை மழைக்கு முன்னாடியே செஞ்சிருக்கலாமே?" என்றார். மாமா பதில் பேசவில்லை.

செய்து பார்: 435 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை எவ்வளவு? (விடை: சுமார் 17 செ.மீ.) அடுத்த முறை போலீஸ் ஜீப்பைப் பார்த்தால் ஆன்டெனா எங்கே இருக்கிறது, ஏன் என்று யோசி!