வீட்டுப் புரோக்கரிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது

வாங்குகிறவரையும் விற்கிறவரையும் சேர்த்துவைப்பதுதான் புரோக்கரின் வேலை. பேச்சு முடிந்தால்தான் அவருக்குக் காசு. அதனால் அவர் அவசரப்படுத்துவதில் தப்பில்லை, நாம் அவசரப்படுவதுதான் தப்பு.

1. முதல் வீட்டைப் பார்க்கக் கிளம்பும் முன்பே கமிஷனைப் பேசிவிடுங்கள். ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று கேட்பார்கள். 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு ஒரு சதவீத வித்தியாசம் என்றால் 80,000 ரூபாய். என் மாமா வாய்ப்பேச்சோடு விட்டார். பதிவன்று பத்திர ஆபீஸ் வாசலில் மூன்று பேர் நின்றார்கள்: வீடு இருப்பதைச் சொன்னவர், சாவி கொண்டுவந்து காட்டியவர், ஓனருக்குத் தெரிந்தவர். மூவருக்கும் தனித்தனியாக வேண்டுமாம்! 'எத்தனை பேர் வந்தாலும் ஒரே தொகை, உங்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு, அவரிடமிருந்து 'ஓகே' வாங்கிவையுங்கள்.

2. உங்கள் கடைசி விலையைப் புரோக்கரிடம் சொல்லாதீர்கள். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குபவர் அவர்.

3. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேலோ வரும் புதுத் திட்டம் என்றால் 'ரெரா' பதிவு கட்டாயம். அதை விற்றுக்கொடுக்கும் முகவருக்கும் தனிப் பதிவு எண் இருக்க வேண்டும். எண்ணைக் கேளுங்கள். 'கம்பெனி பேர்ல இருக்கு சார்' என்று இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். பழைய வீடு கைமாறும்போது இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

4. வில்லங்கச் சான்றை அவர் பிரிண்ட் எடுத்துத் தருவார். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் நம்பாதீர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே கட்டணமில்லாமல் பார்க்கலாம். குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். பதிவாகாத உயிலும் பங்காளித் தகராறும் அதில் தெரியாது. அதற்குத்தான் வக்கீல். அந்த வக்கீல் புரோக்கர் கூட்டிவந்தவராக இருக்கக் கூடாது.

5. மழை விவகாரத்தைப் புரோக்கரிடம் கேட்டுப் பயனில்லை. 'இந்தத் தெருவுல மட்டும் தண்ணி நிக்காது சார்' என்பதைச் சென்னையில் எல்லாத் தெருவிலும் கேட்கலாம். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் பார்ப்பதாக இருந்தால் தனியாகப் போய், தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். கையை முழங்காலில் வைத்துக் காட்டுவார், அல்லது இடுப்பில். பிறகு அக்கம்பக்கத்தைப் பாருங்கள். மீட்டர் பெட்டிகளைச் சமீபத்தில் உயர்த்தி மாட்டியிருக்கிறார்களா? காம்பவுண்டு சுவரில் கீழ்ப்பாதிக்கு மட்டும் புது பெயின்ட் ஏன்? முடிந்தால் ஐப்பசியில் ஒரு மழைநாளில் போங்கள். நல்ல வெயிலில் எல்லா வீடும் அழகுதான்.

6. 'பார்ட்டி வெயிட்டிங், இன்னைக்கே டோக்கன் போட்டுடுங்க' என்றால் போடலாம், ஓனரின் வங்கிக் கணக்கில். புரோக்கரின் ஜிபேயில் அல்ல. வீட்டு அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமானவரிச் சட்டத்தில் இடமில்லை. கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். 2012 இறுதியிலிருந்து தமிழ்நாட்டில் இது கட்டாயம்.

7. 'கைடுலைன் வேல்யூவுக்கு மட்டும் பத்திரம் போட்டுக்கலாம், மீதி கையில' என்பது இலவச ஆலோசனை மாதிரி வரும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் கட்டுகிறவருக்கு ஆசை வரத்தான் செய்யும். ஆனால் நாளை நீங்கள் விற்கும்போது, பத்திரத்தில் இருக்கும் அந்தக் குறைந்த தொகைதான் உங்கள் வாங்கிய விலை. மிச்சம் பிடித்ததை வருமானவரி எடுத்துக்கொள்ளும்.

8. பவர் ஏஜென்ட் விற்கிறாரா? பவர் எழுதிக்கொடுத்த ஓனரோடு வீடியோ காலிலாவது பேசிவிடுங்கள். அவர் இறந்துவிட்டால் பவரும் போயிற்று.

9. விற்பவர்களுக்கு: ஐந்து புரோக்கரிடம் ஒரே வீட்டைச் சொன்னால் அது ஐந்து விலையில் ஊரைச் சுற்றும், 'ஏதோ வில்லங்கம்போல' என்று பேச்சு கிளம்பும். இரண்டு பேர் போதும். மூலப்பத்திர ஜெராக்ஸைக் கொடுத்தால் குறுக்கே தேதியும் அதைப் பெறுகிற புரோக்கரின் பெயரும் எழுதிக் கொடுங்கள். விலை 50 லட்சமோ மேலோ என்றால், வாங்குபவர் ஒரு சதவீதம் டிடிஎஸ் பிடித்துத்தான் பணம் தருவார். இதைப் புரோக்கர் சொல்ல மறப்பார், பதிவன்று முகம் சுருங்கும்.

10. மின் இணைப்பு, சொத்துவரி பெயர் மாற்றத்துக்கு 'நானே கூட வர்றேன்' என்று சொல்லியிருப்பார். கமிஷனில் ஐயாயிரத்தைப் பிடித்துவைத்து, வேலை முடிந்ததும் கொடுங்கள். நான் பிடித்துவைக்கவில்லை. இரண்டு வருடம் எங்கள் கரண்ட் பில் பழைய ஓனர் பெயரிலேயே வந்துகொண்டிருந்தது.