மறைந்த செல்வத்தை மதிப்பிடல்

மக்கள் நிலத்தினின்று பெறும் செல்வம் இருவகைப்படும். விளைந்து கண்முன் நிற்பது ஒன்று. மண்ணுள் மறைந்து கிடப்பது மற்றொன்று. முன்னதை அளத்தல் எளிது. பின்னதை அளத்தல் அரிது. பாறைக்குள் உறையும் எண்ணெய் இத்துணை என்று தோண்டுமுன்னரே மதிப்பிடுதல் எவ்வாறு? அம்மதிப்பீட்டை எந்த அளவு நம்பலாம்? அச்செல்வத்தை எடுப்பதால் விளையும் நன்மை தீமைகள் யாவை? இவற்றை ஈண்டு ஆராய்வோம்.

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், கடலோரத்தே உள்ளது கூடங்குளம். அங்கு அணுவாற்றலால் மின்சாரம் ஆக்கப்படுகிறது. அயலே காற்றாலைகள் சுழல்கின்றன. ஆயினும், அவ்வூர்ச் சாலையிற் செல்லும் பேருந்தும், கடலுட் செல்லும் இயந்திரப் படகும் எண்ணெயின்றி இயங்கா. நம் நாட்டுக்கு வேண்டும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்கிற்கு மேல் அயல்நாடுகளினின்றே வருகின்றது. ஆதலின், நம் மண்ணிலேயே எண்ணெய் தேடும் வேட்கை எழுதல் இயல்பே.

எண்ணெய் எல்லா நிலத்தும் கிடைப்பதன்று. நெல்லைச் சீமையின் பெரும்பகுதி மிகப் பழைய கெட்டிப்பாறையால் ஆயது. எண்ணெய் அதிற் பிறப்பதில்லை. பன்னெடுங்காலத்துக்கு முன் நீரடியில் சேறும் சிற்றுயிர்களின் எச்சங்களும் அடுக்கடுக்காய்ப் படிந்து, மேற்பாரத்தாலும் வெப்பத்தாலும் மாறிய படிவுப் பாறைகளிலேயே அது தோன்றும். காவிரிப் படுகை அத்தகையது. 1956ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையம் அங்கு எண்ணெய் தேடிற்று. 1980களில் நரிமணத்தில் எண்ணெய் கண்டது.

பிறந்த பாறையினின்று கசிந்து, நுண்துளை மிக்க வேறு பாறையில் தங்கும் எண்ணெயை எடுத்தல் எளிது. கசியாமல், பிறந்த களிப்பாறைக்குள்ளேயே எஞ்சி நிற்பதும் உண்டு. அப்பாறையை ஷேல் என்பர். அதனை ஆழத் துளைத்து, துளையைப் பக்கவாட்டில் திருப்பி, மணலும் இரசாயனப் பொருள்களும் கலந்த நீரைப் பேரழுத்தத்துடன் செலுத்திப் பிளப்பர். பிளவு மூடாவண்ணம் மணல் தாங்கி நிற்க, அவ்வழியே எண்ணெயும் வாயுவும் வெளிப்படும்.

இனி, மதிப்பிடும் முறையைக் காண்போம். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரு போகம் நெல் விளையும். ஒரு வட்டாரத்தின் விளைச்சலைக் கணிக்க, அலுவலர் சில வயல்களைத் தேர்ந்து, ஐந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் உள்ள துண்டில் பயிரை அறுத்து, நெல்லை நிறுப்பர். அதைக்கொண்டு முழுமைக்கும் கணக்கிடுவர். நிலவியலாரும் இவ்வாறே செய்வர். பாறையின் பரப்பு, தடிப்பு, அதிலுள்ள உயிர்ப்பொருளின் அளவு, அது பட்ட வெப்பம் ஆகியவற்றை ஆராய்வர். ஒரு கிணறு தரக்கூடிய அளவை, ஒத்த பாறையுடைய வேற்றிடத்துக் கிணறுகளைக்கொண்டு உய்த்துணர்வர். வயலில் அறுப்பது அவ்வயற் பயிரையே. இங்கோ, பிறர் வயல் விளைவைக்கொண்டு நம் வயலைக் கணிக்கின்றோம். ஆகவே, அறிஞர் ஒரே எண்ணைக் கூறாது, குறைந்த அளவு, நடுவளவு, மிகுந்த அளவு என மூன்றாகக் கூறுவர். பாறையில் உள்ளது எல்லாம் எடுக்கத்தக்கதன்று. எடுக்கத்தக்கது எல்லாம் ஊதியம் தருவதன்று என்பதையும் நினைத்தல் வேண்டும்.

2011இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை, காவிரி, கிருஷ்ணா-கோதாவரி, மும்பைப் படுகைகளில் எடுக்கத்தக்க ஷேல் வாயு நடுவளவாக 6.1 இலட்சம் கோடி கன அடி என்றது. 2013இல் அந்நாட்டு எரிசக்தித் தகவல் நிருவாகம், காம்பே, தாமோதர் உள்ளிட்ட நான்கு படுகைகளுக்கு 96 இலட்சம் கோடி கன அடி என்றது. படுகைகளும் முறைகளும் வேறாதலின் எண்களும் வேறாயின. கலிபோர்னியாவின் மான்டரே பாறையில் 1,370 கோடி பீப்பாய் எண்ணெய் எடுக்கலாம் என்று கருதிய அதே நிருவாகம், 2014இல் அதனை 60 கோடியாகக் குறைத்தது. கிணறுகள் எதிர்பார்த்தவாறு தாராமையே காரணம்.

எடுப்பதால் நன்மை இல்லையோ எனின், உண்டு. ஷேல் எண்ணெயால் அமெரிக்கா உலகின் முதன்மை எண்ணெய் நாடாக உயர்ந்தது. ஆயினும், ஒவ்வொரு கிணற்றுக்கும் மிகப் பெருமளவு நீர் வேண்டும். வெளிவரும் கழிவுநீரைச் செவ்வனே காவாவிடின் மண்ணும் நீரும் கெடும். அதனை ஆழ்துளைகளில் செலுத்தியதால் ஓக்லகோமாவில் நில அதிர்வுகள் மிகுந்தன. 2016இல் அங்கு 5.8 அளவுள்ள அதிர்வு நிகழ்ந்தது.

காவிரிப் படுகையோ நெல் விளையும் நிலம். அங்கு நீருக்கே வழக்கு மிகுதி. 2017இல் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுநாள் போராடினர். 2020இல் தமிழக அரசு, படுகையின் பெரும்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றிற்று. அங்குப் புதிதாக எண்ணெய், எரிவாயு, ஷேல் வாயு தேடுதலை அச்சட்டம் விலக்கிற்று. முன்னரே நடந்துவந்த பணிகளை அது நிறுத்தவில்லை.

மாணவர்களே! நிலத்தடியில் உள்ளது எவ்வளவு என்று கேட்பது போன்றே, நிலத்தின் மேல் இழக்கப்போவது எவ்வளவு என்றும் கேட்டல் வேண்டும். களத்துக்கு வாராத நெல்லைக் கணக்கில் எழுதிக் கடன் வாங்குவோன் கெடுவான். வயலில் நிற்கும் பயிரைக் கணக்கில் எழுதாதவனும் கெடுவான். இரண்டையும் ஒருங்கே எழுதிப் பார்ப்பதே நாட்டுக்கு நலம் பயக்கும் அறிவாகும்.

வினாக்கள்

1. நெல்லைச் சீமையின் பெரும்பகுதியில் எண்ணெய் பிறவாமைக்குக் காரணம் யாது?
2. விளைச்சலைக் கணித்தலும் எண்ணெயைக் கணித்தலும் எவ்வாறு ஒக்கும்? எவ்வாறு வேறுபடும்?
3. மான்டரே பாறையின் வரலாறு நமக்கு உணர்த்துவது யாது?