பாதியில் பாதையை மாற்றலாமா?



குழுவாகக் குறும்படம் எடுக்கும் பிள்ளைகளுக்குள், பாதி வேலையில் "வேறு மாதிரி எடுக்கலாம்" என்ற பேச்சு வந்தால் நட்பே முறிந்துவிடுவதுண்டு.

சத்யஜித் ராய் தம் முதல் படமான 'பதேர் பாஞ்சாலி'யை 1952இல் நாணல் பூத்த வெளியில் தொடங்கினார். அடுத்த வாரம் போனபோது பூக்களை மாடுகள் மேய்ந்திருந்தன. காட்சியைக் கைவிடாமல், மறுபடி பூக்கும் பருவம்வரை காத்திருந்து எடுத்தார். மாறியது திட்டம்தான், நோக்கம் மாறவில்லை. படம் 1955இல் வெளியானது.

நம் ஊர் எலுமிச்சைச் சந்தையைப் பற்றிப் படம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விலையைப் பற்றித் தொடங்கிய பிறகு, மூட்டை தூக்குபவரின் வாழ்க்கையே கதை என்று தோன்றுகிறது. அப்போது:

1. எல்லோரும் உட்கார்ந்து மஷூரா செய்யுங்கள். முதல் யோசனை சொன்னவரே முதலில் பேசட்டும்.
2. எடுத்ததைப் போட்டுப் பாருங்கள். உதவுவதை எடுத்து வையுங்கள்.
3. மீதி நாளையும் செலவையும் கணக்கிடுங்கள். போதாவிட்டால் மாற்றாதீர்கள்.
4. படம் பிடிக்கச் சம்மதித்தவரிடம் புதிய நோக்கத்தைச் சொல்லி, மறுபடி அனுமதி கேளுங்கள். அவர் தந்த சம்மதம் ஓர் அமானிதம்.

பெற்றோர்களே, படம் எப்படி வந்தது என்று கேட்குமுன், யோசனை தள்ளப்பட்ட பிள்ளையும் கடைசிவரை கூட இருந்ததா என்று கேளுங்கள்.